இரண்டாவது முறை கேட்காத வீடு

"ஒரே ஒரு தடவைதான் கேட்டாளா?"

"ஒரே தடவைதான்."

"நீ என்ன சொன்னே?"

"'ஐயோ, வேண்டாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்'னு சொன்னேன்."

"அவ?"

"'ஓ, சரி'ன்னு சொல்லிட்டா."

நோயல் தலையில் கைவைத்துக்கொண்டான். "ஆய்த்து போ! கதை முடிஞ்சுது."

ஜோகுபாளையத்தில் அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் படிக்கட்டில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நோயல் கீழ்வீட்டுப் பையன். அதிதி இரண்டாம் மாடி. அவளுக்கு எதிர்வீடு, அவள் வயதே ஆன நெதர்லாந்துப் பெண் ஃபென்னாவின் வீடு. நாளைக்கு அது காலியாகிறது. ஃபென்னா ஊருக்குத் திரும்புகிறாள்.

கோடை விடுமுறையில் அதிதியும் அங்கே போகிறாள். அப்பாவுக்கு ஆம்ஸ்டர்டாமில் ஒரு மாத வேலை. அதைக் கேட்டதும்தான், "லெய்டனில் எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்குகிறாயா?" என்று ஃபென்னா ஆங்கிலத்தில் கேட்டாள்.

லெய்டனில் ஃபென்னா வீட்டு வாசலிலேயே கால்வாய். அதில் ஒரு சிவப்புப் படகு. மாடி அறையில் இரண்டு கட்டில்கள். காலையில் கண் விழித்தால் தண்ணீரின் வெளிச்சம் கூரையில் ஆடுமாம். மனசுக்குள் அதிதி அந்த அறையில் எத்தனையோ முறை தூங்கி எழுந்துவிட்டாள்.

"அப்புறம் ஏன் வேண்டாம்னே, லூசு?"

"நம்ம வீட்ல அப்படித்தானேடா? முதல்ல வேண்டாம்னு சொல்லணும். 'அட, வாம்மா'ன்னு மறுபடி கூப்பிடுவாங்க. அப்புறம்தான் சரின்னு சொல்லணும்."

ஃபென்னா மறுபடி கூப்பிடவில்லை. இன்று காலை, "அந்த வாரம் என் சித்தி மகள் ரூஸ் வருகிறாள்" என்றாள்.

அதிதிக்குப் பிஸ்கட் டப்பா நினைவுக்கு வந்தது. போன மாதம் ஃபென்னாவின் அம்மா டப்பாவை நீட்டினார். அதிதி பழக்கத்தில், "வேண்டாம் ஆன்ட்டி" என்றாள். டப்பா மூடிக்கொண்டு அலமாரிக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து, "சரியான கஞ்சம்!" என்று சொல்லிச் சிரித்தாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை.

"கஞ்சம் இல்லடா. நான் சொன்னதை நிஜம்னு நம்பியிருக்காங்க."

"அப்போ போய் நிஜத்தைச் சொல்லு."

"வெக்கமா இருக்கு."

"சரி விடு. ரூஸ் கால்வாய்ல படகுல போகட்டும். நீ இங்கேயே அல்சூர் ஏரியில போ."

அதிதி எழுந்து மாடிக்கு ஓடினாள். எதிர்வீட்டு மணியை அழுத்தப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். அங்கே சொல்லாமல் போய் நிற்கக்கூடாது. பழகிய முதல் நாளே ஃபென்னா அதைச் சொல்லியிருந்தாள். அம்மாவின் போனில் கேட்டாள்: 'நாலு மணிக்கு வரலாமா?'

'சரி, வா.'

நாலு மணிக்கு, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்ற ஃபென்னாவிடம் வண்ணக் காகிதம் சுற்றிய பரிசை நீட்டினாள். நம் வீடுகளில் வந்தவர் போன பிறகுதான் பரிசைப் பிரிப்பார்கள். ஃபென்னா அப்போதே பரபரவென்று கிழித்தாள்.

உள்ளே அதிதி வரைந்த படம். சிவப்புப் படகில் இரண்டு பெண்கள்.

"இது நான். அடுத்தது யார்? ரூஸா?"

அதிதியின் காதுகள் சூடாகின.

"நான்" என்றாள். "அன்றைக்கு வேண்டாம் என்றேனே, அது பொய். எனக்கு வர ரொம்ப ஆசை. கட்டில் ரூஸுக்கே இருக்கட்டும். தரையில் படுத்தாலும் கூரை தெரியும்தானே? நானும் வரட்டுமா, ஃபென்னா?"