இளைக்காத படம்

வெறும் தாழ்வாரத்தின் படம் அது. இருபுறமும் வெள்ளைச் சுவர், கோடியில் ஒரு ஜன்னல். ஆள் கிடையாது, ஒரு நாற்காலிகூடக் கிடையாது. அப்படிப்பட்ட படம் காற்றாய் லேசாக இருந்திருக்க வேண்டும். ஆனால் விடுதியின் இணையதளத்திலிருந்த படங்களிலேயே கோப்பளவில் அதுதான் கனத்தது.

தளத்தை ஏற்றிவைத்திருந்த ஹோஸ்டிங் நிறுவனம் கடைசி எச்சரிக்கையும் அனுப்பிவிட்டது. இந்த மாதத்துக்கான பேண்ட்விட்த், அதாவது தளம் அனுப்பக்கூடிய டேட்டா, தீரப்போகிறது. தீர்ந்தால் தளம் முடங்கும், சீசனுக்கு அறை தேடுகிறவர்கள் வேறு விடுதிக்குப் போய்விடுவார்கள். விடுதி நடத்தும் அண்ணனுக்காக, தங்கை வரவேற்பறையில் லேப்டாப்போடு உட்கார்ந்து ஒவ்வொரு படமாகச் சுருக்கிக்கொண்டிருந்தாள். விருந்தினர் யாருமில்லை. அந்தி மழை விட்டு விட்டுப் பெய்தது. படிக்கட்டு வழியே ஈரச் சுவரின் வாடையும், திறக்காத அறைகளில் மடித்துவைத்த போர்வைகளின் நெடியும் மெல்ல இறங்கி வந்து அவள் தோளருகே தங்கின.

தாழ்வாரப் படத்தைப் பாதியாகச் சுருக்கி ஏற்றினாள். பக்கத்தைத் திறந்தால், படம் முன்பைவிடக் கனம்.

"அண்ணா, இந்த ஒரு படம் மட்டும் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. சின்னதாக்கச் சின்னதாக்க வீங்குது."

"கழுதை தேஞ்சு கட்டெறும்பாகும்பாங்க. இங்க கட்டெறும்பு கழுதையாகுதா?" டம்ளர் கழுவிக்கொண்டே அண்ணன் சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. படத்துக்குள் ஏதாவது கூடினால்தான் கனம் கூடும். பெரிதாக்கிப் பார்த்தாள். ஜன்னலோரம், சுவரோடு சுவராக, ஒரு கறை. அழுக்கென்று நினைத்து மறுபடி சுருக்கினாள், ஏற்றினாள், திறந்தாள்.

கறைக்குத் தோள்கள் இருந்தன.

மறுபடி. அது ஜன்னலை விட்டு நகர்ந்திருந்தது.

"இது எந்தத் தாழ்வாரம்ணா?"

"மாடியில இருக்கிறதுதான். ஏன்?"

"அங்க யாரும் இருக்காங்களா?"

"யாரு இருப்பா? உன் மூஞ்சி ஏன் இப்படி வெளிறிக் கிடக்கு? இரு, பாத்துட்டு வந்துடறேன்."

"வேணாம்ணா. போகாத."

"பயந்தாங்கொள்ளி," என்றபடி ஏறிப்போனான்.

செருப்புச் சத்தம் தலைக்கு மேலே நடந்தது. நின்றது. பிறகு மழை மட்டும்.

படத்தை அழித்தாள். பக்கத்தைத் திறந்தாள். படம் இருந்தது. இப்போது அது அத்தனை கனம். திரையில் மேலிருந்து கீழாக, கோடு கோடாகத்தான் இறங்கியது.

கூரை. ஜன்னல். அண்ணனின் தலைமுடி. நெற்றி. அவளையே பார்க்கும் கண்கள். அதற்குக் கீழே, அவன் வாயைப் பின்னாலிருந்து இறுகப் பொத்தியிருந்த ஒரு கை. அதன் விரல்கள் காதுவரை நீண்டிருந்தன.

"ஒண்ணுமில்லம்மா." மாடியிலிருந்து அண்ணனின் குரல் நிதானமாகக் கூப்பிட்டது. "மேல வா. நீயே பாரு."

அவளால் எழ முடியவில்லை.

"வர மாட்டியா? சரி. நானே வரேன்."

படத்தின் கடைசிக் கோடுகள் இறங்கின. அண்ணனின் பாதங்கள். வெறும் பாதங்கள். தரைக்கு வெகு மேலே.

படிக்கட்டில் அவன் செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது.