வயிறு பேசிய ஒரு நிமிடம்

“நிறுத்துங்க மேடம்… எங்கயோ லாரி போகுது.”

ஹெட்போனுக்குள் அந்தக் குரல் கேட்டதும் அவள் பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், புதிதாக வந்திருந்த ஒலிப்பதிவாளன் கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வழக்கமாக அந்த நாற்காலியில் இருக்கும் பெண் பிரசவத்துக்குப் போயிருந்தாள். இவன் யாரோ, எப்படிப்பட்டவனோ… காலையிலிருந்து ஒரு வணக்கம், ஒரு ‘ரெடியா மேடம்’. அதற்கு மேல் பேச்சில்லை.

லாரி எதுவும் போகவில்லை. கடகடவென்று ஓடியது அவள் வயிறு.

சொல்லித் தொலைத்துவிடலாம்தான். ஆனால் முதல் நாள் பார்க்கிற ஆண்பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது? புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வதுதான் அவள் பிழைப்பு. ராணி மாதிரியும் பேசுவாள், பேய் மாதிரியும் பேசுவாள். இந்த ஒரு வரி மட்டும் வாயில் வரவில்லை.

அவன் ஏசியை அணைத்தான். மறுபடி வாசித்தாள். மறுபடி லாரி. இப்போது எழுந்து உள்ளேயே வந்துவிட்டான், கையில் ஒரு மைக்கும் காதில் ஹெட்போனுமாக. “குழாய்ல தண்ணி ஓடுது போல…” என்று முணுமுணுத்தபடி சுவரோரம் கேட்டான். மேஜைக்கடியில் மண்டி போட்டுக் கேட்டான். சத்தம் வந்த திசையில் மைக்கை மெல்ல மெல்ல உயர்த்திக்கொண்டே வந்தவன், அவள் துப்பட்டாவுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றான்.

நிமிர்ந்தான். தூங்கி நாலு நாள் ஆன மாதிரி இரண்டு பெரிய கண்கள். அந்தக் களைப்பிலும் எவ்வளவு கருப்பு… என்று அவளுக்குத் தோன்றிய அதே நொடியில் வயிறு இன்னொரு முறை நீளமாகப் பேசியது. அவன் ஹெட்போனைக் கழற்றினான். காது மடல் இரண்டும் சிவந்துபோயிருந்தன.

“மேடம்… சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டதுதான் சார் பிரச்சினை.”

பிரச்சினை காலை ஆறரை மணிக்கே அக்கா வடிவில் வந்துவிடும். அவள் தங்கியிருந்தது அக்கா வீட்டில். எழுந்ததும் ஒரு பெரிய டம்ளர் நிறையப் பாலில் கலந்த புரோட்டீன் பவுடர். எட்டு மணிக்கு நாலு முட்டை, வெள்ளை மட்டும். மதியம் வேகவைத்த கோழி, கூட எதுவும் கிடையாது. மாலையில் மறுபடி பவுடர். குளிர்பதனப் பெட்டியின் கதவில் அக்கா ஒட்டியிருந்த அட்டவணையில் காய்கறி என்ற சொல்லே கிடையாது.

அக்காவைக் குறை சொல்லிப் பயனில்லை. இளைக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டது இவள்தான். அவள் வாசித்த புத்தகங்களைக் கேட்டு ஒருவன் ஆறு மாதம் போனில் உருகினான். ‘உங்க குரலைக் கேட்டுக்கிட்டே செத்துடலாம் போல இருக்கு’ என்றெல்லாம் சொன்னான். பிறகு ஒரு காபிக் கடையில் நேரில் சந்தித்தார்கள். அவள் வாசலில் இருந்து மேஜைக்கு நடந்துவந்த அந்தப் பத்தடி தூரத்துக்குள் அவன் முகம் சுருங்கியதை அவள் பார்த்தாள். ‘நான் வேற மாதிரி நினைச்சிருந்தேன்’ என்றான். செத்துப்போகாமல் காபியை மட்டும் குடித்துவிட்டுப் போனான்.

இனி ஒரு முகம் தன்னைப் பார்த்து அப்படிச் சுருங்கக் கூடாது. அவள் கேட்டது அவ்வளவுதான். அதற்காகத்தான் இந்தப் பவுடரும் கோழியும், இடுப்பைச் சுற்றிக் காற்றடைத்த மாதிரி இந்த உப்புசமும்.

மூன்றாம் நாள் மதியம், அவன் கை கழுவப் போயிருந்தபோது மேஜையில் கிடந்த பதிவுத்தாளைப் பார்த்தாள். வாசிப்பின் நடுவே விழும் வேண்டாத சத்தங்களை நேரத்தோடு குறித்து வைப்பது அவர்கள் வழக்கம். பக்கம் புரட்டல். நாற்காலி. வயிறு. வயிறு. மூச்சு. வயிறு… எண்ணினாள். காலையிலிருந்து நாற்பத்தொரு வயிறு!

“என்ன சார் இது, என் வயித்துக்கு வருகைப் பதிவேடா?”

கை ஈரத்தோடு வாசலில் நின்றவன் திகைத்துப்போனான். “இல்ல மேடம்… எங்க வெட்டணும்னு எடிட்டிங்ல தெரியணும்ல…”

“அதுக்காக முழுசா எழுதணுமா? ஒரு புள்ளி வச்சா ஆகாதா?”

“வச்சிடறேன்,” என்றான். பிறகு தயங்கி, “பவுடரா மேடம்?”

“என்ன பவுடர்?”

“அந்த ஓட்டம் எனக்கு நல்லாத் தெரியும். நானும் குடிச்சவன்தான். வெளியில போய்ப் பதிவு பண்றப்ப நீளக் கம்புல மைக்கைக் கட்டி மணிக்கணக்கா தூக்கிப் பிடிக்கணும். தோள் வேணும்னு மூணு மாசம் குடிச்சேன். தோள் வந்துச்சோ இல்லையோ… யார் கூடவும் லிஃப்ட்ல ஏற முடியல.”

சிரிப்பு வந்தது. விடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“பால்ல கலக்காதீங்க, தண்ணில கலக்குங்க. சிலருக்குப் பால் ஒத்துக்காது. பாதி அளவு போதும். மடக்கு மடக்குன்னு குடிக்காம மெதுவா குடிங்க. அப்புறம்… தட்டுல காய் கொஞ்சம்… தண்ணி நிறைய…”

“உங்க வேலை சத்தம் சார். என் வயிறு இல்ல.”

“இந்தப் புத்தகம் முடியற வரைக்கும் ரெண்டும் ஒண்ணுதான் மேடம்,” என்றான், பாவமாக.

வீம்புக்காகவே அதற்குப் பிறகும் ஒரு வாரம் பாலில்தான் குடித்தாள். வீம்பு பிடித்தது அவள், பழி வாங்கியது வயிறு. ஒரு பக்கம் உருட்டல், மறுபக்கம் நாலு நாளாக உள்ளே போனது எதுவும் வெளியே வருகிற வழியாக இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு மூட்டையைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது. வாசித்துக்கொண்டிருந்ததோ நாலு தலைமுறைக் கப்பல் குடும்பத்தின் கதை, அறுநூறு பக்கம். அதில் யாருக்கும் அஜீரணம் கிடையாது. கொடுத்து வைத்தவர்கள்.

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ஒரு நிமிடம் அந்த அறையின் அமைதியைப் பதிவு செய்வார்கள். இருமலையும் தும்மலையும் வெட்டிய இடத்தைக் காலியாக விட்டால், கேட்கிறவர் காது பள்ளத்தில் விழுந்த மாதிரி ஆகிவிடும். அதனால் அந்த அறையின் அமைதியையே எடுத்து ஒட்டுவார்கள். வாசிக்கிறவளும் உள்ளேயே இருக்க வேண்டும். அசையக் கூடாது, பேசக் கூடாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன்… அறுபது நொடி. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இருவரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

அன்று இருபதாவது நொடியில் வயிறு உருண்டது. நிறுத்துவான் என்று பார்த்தாள். முப்பதாவது நொடியில் இன்னொன்று. அவளுக்குச் சட்டென்று எல்லாமே அலுத்துப்போனது. இந்த உடம்பு, இதைத் திருத்தும் வேலை, திருத்தத் திருத்த அது எதிர்த்துப் பேசுவது… கண்ணீர் வழிந்தது. துடைத்தால் துணி சரசரக்கும். துடைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அவன் நிறுத்தவில்லை. கடிகாரத்தையும் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்… சிரிக்கவில்லை, பரிதாபப்படவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைப் போல் பார்த்தான். வெளியே மழை பெய்துகொண்டிருந்திருக்கும், அந்த அறைக்குள் அது கேட்காது. அந்தக் கருப்புக் கண்களிலிருந்து அவளால் பார்வையை எடுக்க முடியவில்லை.

“இன்னொண்ணு எடுத்துடலாம்,” என்றான் முடிவில், மெதுவாக. இரண்டாவது நிமிடம் சுத்தமாக வந்தது.

மறுநாள் காலை பவுடரில் பாதியை டப்பாவிலேயே திருப்பிக் கொட்டினாள். மீதியைத் தண்ணீரில் கலக்கினாள்.

“தண்ணிலயாடி? அதுல என்னடி சத்து இருக்கு?” என்று அக்கா கத்தினாள்.

“வயித்துக்குள்ள லாரி ஓடறது உனக்கா எனக்கா, அக்கா?” என்றாள் இவள். மதியக் கோழிக்குப் பக்கத்தில் கேரட்டும் பீன்ஸும் கோஸும் வந்து உட்கார்ந்தன. இரண்டே நாளில் கோஸை மட்டும் அவளே துரத்திவிட்டாள், அதுவும் காற்றுப் பிடித்த ஜாதி என்று. சாப்பிட்டபின் தெருவில் கால் மணி நேரம் நடந்தாள். ஐந்தாம் நாள் மூட்டை இறங்கியது. அவள் முகத்தைப் பார்த்தே அவன் புரிந்துகொண்டான் போலும், எதுவும் கேட்கவில்லை. அந்த மரியாதை அவளுக்குப் பிடித்திருந்தது.

நாற்பத்தொன்று பதினேழானது, பதினேழு ஐந்தானது. மாலையில் கண்ணாடிக்குப் பின்னால் விரல்களை விரித்துக் காட்டுவான். அவள் முறைப்பாள். ‘மேடம்’ எப்போது ‘என்னங்க’ ஆனது, ‘சார்’ எப்போது காணாமல் போனது என்று இருவருக்கும் தெரியாது.

முதல் பத்து அத்தியாயங்களைக் கேட்டுவிட்டு ஸ்டுடியோ முதலாளியம்மா இருவரையும் கூப்பிட்டது அதற்குப் பிறகுதான்.

“கப்பல் கவிழ்ந்து அத்தனை பேரும் போய்ச் சேர்ந்துட்டாங்க. கதாநாயகி கரையில ஒரு வார்த்தை பேசாம நிக்கறா. நான் அழத் தயாரா உட்கார்ந்திருக்கேன்… அந்த இடத்துல குடுகுடுன்னு என்னம்மா அது? ஒரு தடவை இல்ல. எங்கெல்லாம் நிறுத்தறியோ அங்கெல்லாம் வருது!”

அந்த இடத்தை அவன் போட்டுக் காட்டினான். ஒரே நொடியில் அவளுக்குப் புரிந்துவிட்டது. அது அவள் அழுத அந்த நாளின் அமைதி. அழிக்க வேண்டிய அந்த முதல் நிமிடம், பத்து அத்தியாயங்களின் ஒவ்வொரு இடைவெளியிலும் ஒட்டப்பட்டிருந்தது.

“ரெண்டு ரூம் தள்ளி ஃபேன் ஓடினா கண்டுபிடிக்கற ஆளு நீ,” என்றாள் முதலாளியம்மா அவனிடம். “இது உன் காதுல விழலையா?”

அவன் பதிலுக்கு இவள் காத்திருக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கீழ் வாசலில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடை மேலேயே இருந்துவிட்டது. திரும்பிப் போய் எடுக்க முகமில்லை. கடைசிப் படிக்கு மேல் படியில் நின்றுவிட்டாள்.

பின்னால் தடதடவென்று காலடிச் சத்தம்.

“என்னங்க… நில்லுங்க.”

“நின்னுட்டுதான் இருக்கேன். மழை விடல.” திரும்பாமலே சொன்னாள். “அழிச்சிருப்பீங்கன்னு நினைச்சேன். பத்திரமா வச்சிருந்து ஊருக்கே கேக்கற மாதிரி ஒட்டியிருக்கீங்க. நல்லா இருக்கா?”

“தப்புதான். அழிக்க மனசு வரல, அது ஒரு தப்பு. ஒட்டினது ரெண்டாவது தப்பு. ஆனா வேணும்னு பண்ணலங்க.” மூச்சு வாங்கியது அவனுக்கு. “பன்னெண்டு நாள் அமைதியையும் வரிசையா போட்டுக் கேட்டேன். எல்லாம் வெறும் ரூமா இருந்துச்சு. இது ஒண்ணுதான் ஆள் இருக்கற ரூமா இருந்துச்சு. கேக்க நிம்மதியா இருந்துச்சு. அதான் எடுத்து வச்சேன். அதுல வயிறு கேக்குதுன்னு… சத்தியமா எனக்குத் தெரியல.”

“செவிடா நீங்க?”

“உங்க விஷயத்துல அப்படி ஆயிட்டேன் போல. பதினஞ்சு வருஷமா இதே காதை வச்சுத்தான் பொழைக்கறேன். இந்த மாதிரி ஒரு தப்பு பண்ணதே இல்ல.”

அவள் மனதில் இருந்ததை அப்படியே இறக்கிவைத்தாள்… காபிக் கடை, பத்தடி தூரம், சுருங்கிய முகம் எல்லாவற்றையும்.

“எல்லாரும் குரலுக்குத்தான் வராங்க. கூடவே ஒரு உடம்பும் வருதுன்னு தெரிஞ்சதும் கிளம்பிடறாங்க. எனக்கு அலுத்துப்போச்சு.”

“குரல் மைக்குக்குங்க. அதை வாங்கி வைக்கறது என் வேலை.” அவன் ஒரு படி இறங்கினான். “மைக்கை அணைச்ச பிறகும் நீங்க அந்த ரூம்லயே இருக்கணும்னு தோணுது பாருங்க… அதைத்தான் எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இளைக்கணும்னா இளைங்க, வேணாம்னா விடுங்க. அது உங்க இஷ்டம். நான் அதுக்குக் காத்துக்கிட்டு இல்ல.”

அவள் மெல்லத் திரும்பினாள். வழக்கமாகத் துப்பட்டாவை இழுத்து வயிற்றை மறைக்கும் கையைக் கஷ்டப்பட்டுக் கீழே விட்டாள். உப்பிய வயிறும், கலங்கிய கண்ணும், கலைந்த தலையுமாக அவன் முன் முழுசாக நின்றாள்.

“நல்லாப் பார்த்துட்டுச் சொல்லுங்க.”

பார்த்தான். அவசரமே இல்லாமல் பார்த்தான். அந்த முகத்தில் எந்த மூலையிலாவது ஒரு சுருக்கம் விழுகிறதா என்று அவள் வேட்டையாடுகிற மாதிரி தேடினாள். நெற்றியில், புருவத்தில், உதட்டோரத்தில்… எங்கேயும் இல்லை. காது மடல்கள் மட்டும் சிவந்துகொண்டே போயின.

“பார்த்துட்டேன்,” என்றான். “பிடிச்சிருக்கு.”

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பவுடர் தந்த களைப்பா, காபிக் கடையிலிருந்து தூக்கி வந்த களைப்பா, ஒன்றும் புரியவில்லை. அவனும் அவசரமாகப் பக்கத்தில் உட்கார்ந்தான். “என்னங்க, என்ன பண்ணுது? தண்ணி கொண்டு வரவா?”

வேண்டாம் என்று தலையசைத்தாள். சாரல் இருவர் காலிலும் பட்டது.

“எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு,” என்றாள். “வெட்கப்படறதுக்குக் கூடத் தெம்பில்ல… அதான் நேராச் சொல்லிட்டேன்.”