எந்தப் பக்கமும் சேராத அக்கா

எங்கள் கட்டடத்துச் சண்டை ஒரு பூந்தொட்டியில்தான் ஆரம்பித்தது. அப்பா ஊற்றிய தண்ணீர், கீழ்வீட்டுத் தையல்கார மாமா காயப்போட்டிருந்த சட்டையில் சொட்டிவிட்டது. அவ்வளவுதான்! மாமா கத்த, அப்பா கத்த, ஆளுக்குப் பாதியாக அக்கம்பக்கம் சேர்ந்துகொள்ள, கட்டடமே இரண்டுபட்டது.

மாமாவின் மகன் சுருட்டை என் உயிர்த் தோழன். அவனோடு பேசக்கூடாதாம்! ஒரு மாதமாக எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அன்று காலை அப்பா முற்றத்தில் குழாய் பதிக்கத் தோண்டினார். அவர் தொழிலே அதுதான். கடப்பாரை "ணங்" என்றது. மண்ணுக்குள் என் உயரத்துக்குத் துருப்பிடித்த வெடிகுண்டு! அப்பா கடப்பாரையைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடிவந்தார்.

அரைமணி நேரத்தில் எல்லோரும் பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஓடினோம். அங்கேயும் அப்பா கூட்டம் இந்தச் சுவரோரம், மாமா கூட்டம் அந்தச் சுவரோரம்.

குண்டைச் செயலிழக்க வைக்கும் அதிகாரியம்மா வந்தார்.

"எல்லாரும் வந்துட்டீங்களா?"

"எங்க பக்கம் பதினாலு பேரும் வந்தாச்சு," என்றார் அப்பா.

மாமா விடுவாரா? "எங்க பக்கமும் ஒருத்தர் பாக்கியில்ல!"

அதிகாரியம்மா கனமான மேலங்கியை மாட்டத் தொடங்கினார். நான் அருகில் போனேன்.

"எங்க வீட்டு மேல ஏன் குண்டு போட்டாங்க?"

"உங்க வீடே அப்ப இல்ல கண்ணு. எண்பது வருஷத்துக்கு முன்னாடி உலகப்போர். அடுத்தவங்க மண்ணு வேணும்னு சிலர் கிளம்பினாங்க. ஆளாளுக்குக் கூட்டாளி சேர்த்துக்கிட்டாங்க. எந்தப் பக்கமும் சேராதவங்க தலையிலயும் குண்டு விழுந்துச்சு. பாரு, இன்னமும் நம்மள ஓட விடுது."

எனக்குச் சுரீரென்றது. எந்தப் பக்கமும் சேராதவங்க!

"நர்ஸக்கா!" என்று அலறினேன். "மூணாவது மாடி நர்ஸக்காவை யாருமே எண்ணல!"

சண்டைக்கு ஆள் சேர்த்தபோது, "எனக்குத் தூக்கம்தான் முக்கியம், ஆளை விடுங்க" என்றவர் அவர். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் வேலை. பகலில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தூங்குவார்.

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. மாமா முகத்திலும்தான். அதிகாரியம்மா அதற்குள் எங்கள் கட்டடத்துக்கு ஓடிவிட்டார்.

அப்பாவும் மாமாவும் ஒரே ஜன்னலில் முட்டிக்கொண்டு நின்றார்கள். சுருட்டை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். யாரும் தடுக்கவில்லை. எனக்குப் பயத்தில் அழுகை வந்தது.

கடைசியில், கலைந்த தலையும் கக்கத்தில் தலையணையுமாக நர்ஸக்கா வந்தார்.

"கதவை அந்தப் போடு போடுறாங்க! என்னதான் ஆச்சு?"

"உன்னை எண்ண மறந்துட்டேம்மா," என்று மாமா கண்ணைத் துடைத்தார்.

"நானுந்தான்," என்றார் அப்பா.

மதியத்துக்குள் குண்டை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வீடு திரும்பியதும் அப்பா முதல் வேலையாகப் பூந்தொட்டியைத் தூக்கினார்.

"அங்கேயே இருக்கட்டும்ப்பா! செடிக்கு வெயில் வேணாமா? நான் துணிக்கொடியை நகர்த்திக் கட்டிக்கறேன்!" என்றார் மாமா.

"நீங்க ஏன் நகர்த்தணும்? நான் தொட்டியை நகர்த்தறேன்!"

"கொடியைத்தான் நகர்த்தணும்!"

"தொட்டியைத்தான்!"

மூன்றாவது மாடி ஜன்னல் படாரென்று திறந்தது.

"ரெண்டையும் நகர்த்துங்க! என்னைத் தூங்க விடுங்க!"

நானும் சுருட்டையும் சிரித்த சிரிப்பில் எனக்குப் பசியே எடுத்துவிட்டது.