கரையாத ஓடு

ட்ரிங்...!

இன்டர்காம் அலறியது. எடுக்கப்போன மருந்துக் கம்பெனி முதலாளியின் கை அந்தரத்தில் நின்றது.

திரையில் லாப் அறையின் எண். அவருடைய தங்கை கணவன் வேலை பார்த்த அறை. அவன் உள்ளேயே செத்துக் கிடந்த அன்று பூட்டியது!

ஓடினார்.

கதவு திறந்து கிடந்தது. செத்தவனின் நாற்காலியில் தங்கை... அவனுடைய வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு!

எதிரே ஒரு மெஷின். மாத்திரை எப்படிக் கரைகிறது என்று சோதிப்பது. கண்ணாடிக் குடுவையில் வெதுவெதுப்பான நீர். உள்ளே துடுப்பு மெல்லச் சுழன்றது.

"யாரும்மா இதைப் போட்டது?"

"அவர்தான்ணா... கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. காதை விட்டுப் போகவே மாட்டேங்குது."

முதலாளி அவள் தோளைத் தொட்டார்.

"மாப்பிள்ளைக்கு ஹார்ட் அட்டாக். டாக்டரே எழுதிக் கொடுத்தாச்சு. எரிச்சும் ஆச்சு. மனசைத் தேத்திக்கோ."

"அன்னிக்கு சாயந்திரம் அவர் சாகறப்ப நீங்க..."

"நான்தான் ஊர்லயே இல்லையே!"

அவள் இடுக்கியை நீட்டினாள். நுனியில் வெள்ளையாக ஒரு மாத்திரை.

"அவர் வாந்தி எடுத்த வாஷ்பேசின்ல கிடந்துச்சு. தினமும் காலையில போடற சத்து மாத்திரை இல்லண்ணா. நம்ம மாத்திரை!"

நம்ம மாத்திரை... ஒரு காட்டுச் செடியின் வேரிலிருந்து எடுத்த இதய மருந்தை, நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக உடம்பில் இறக்குவது. அளவு மீறினாலோ, நோயில்லாதவன் விழுங்கினாலோ சாயந்திரத்துக்குள் இதயமே நின்றுவிடும். 'இன்னும் சரியா வரலை, விற்கக் கூடாது' என்று அடம்பிடித்தவன்தான் இப்போது சாம்பல்.

"பொய்! அது மிச்சமில்லாம கரைஞ்சிடும்! அதைத் தெரிஞ்சுக்கிட்டுதானே சத்து மாத்திரை டப்பாவுல மாத்தி வெச்..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கரைஞ்சது பழைய ஃபார்முலாண்ணா! அதை அவர் எப்பவோ மாத்திட்டாரு. இப்ப மருந்து மட்டும்தான் வெளிய வரும்... மேல இருக்கற ஓடு அப்படியே நிக்கும். லாப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்!"

அவள் வெடித்து அழுதாள். "என்னைத் தூக்கி வளர்த்த கையாண்ணா இது...?"

அலமாரிக்குப் பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார்.

முதலாளி இடுக்கி நுனியையே வெறித்தார். "வாஷ்பேசின்ல... எப்படி...?"

"வாஷ்பேசினை அன்னிக்கே கழுவிட்டாங்க சார். இது இன்னிக்கு இந்த மெஷின்ல ஊறினது. எங்ககிட்ட ஆதாரம்னு ஒரு துரும்புகூட இல்ல..."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"சாயந்திரம் வரைக்கும் பொறுமையா இருந்துச்சு உங்க மாத்திரை... உங்க வாயால ஒரு நிமிஷம் இருக்க முடியலையே!"