ஆட்சேபம் இல்லை

ஜெனோவா தன் கணவனோடு சண்டை போடும் நாட்களில் நடுவில் எழுந்துபோய்த் துணி காயப்போட்டுவிட்டு வருவாள். செவ்வாய்க்கு ஒரு சொல் போய்ச் சேர இந்த மாத நிலவரப்படி இருபத்தொரு நிமிடம். பதில் வந்து சேர இன்னொரு இருபத்தொன்று. "உங்களுக்கு என் மேல அக்கறையே இல்ல" என்று சொல்லிவிட்டு உலை வைத்தால், "யாரு சொன்னா அப்படி?" என்று இருதயராஜ் கேட்கும்போது சோறு வடித்து, குழம்பையும் இறக்கியிருப்பாள். கோபம் அதற்குள் பாதி ஆறியிருக்கும். செவ்வாய்க்குப் போனவர்களின் குடும்பங்களில் விவாகரத்து குறைவு என்று செய்திகளில் வியந்து சொல்வார்கள். அவளுக்கு அதில் வியப்பு எதுவும் இல்லை.

இன்றுதான் அந்த நாற்பத்திரண்டு நிமிடம் முதல்முறையாகக் கழுத்தை நெரித்தது.

தூத்துக்குடி குடியேற்றச் செயலகத்தின் காத்திருப்புக் கூடத்தில் அவள் கையில் நாற்பத்தேழாம் எண் டோக்கன். அறிவிப்புப் பலகையில் முப்பத்தொன்பது ஓடிக்கொண்டிருந்தது. நேரம் பத்தே கால். உள்ளே இருக்கும் 'வினவி' என்ற இயந்திரம் இன்று அவளிடம் பதினாறு கேள்விகள் கேட்கும். பதினைந்தைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. மீதி ஒன்று: உங்கள் மீது குற்றத் தீர்ப்பு எப்போதாவது உண்டா, இல்லையா?

உண்டு.

ஒன்பது வருடங்களுக்கு முன்பு கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையொன்றில் அவள் சரிபார்ப்பாளராக இருந்தாள். குளோரின் குழாய்களில் அறுபத்து நான்கு வால்வுகள். ஒவ்வொன்றின் முன்னும் நின்று வாயுவை மோப்பம் பிடிக்கும் முகர்மானியைக் காட்டி, 'கசிவு: உண்டு / இல்லை' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். ஒரு சனிக்கிழமை, தோழியின் நிச்சயதார்த்தத்துக்கு நேரமாகிறது என்று, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுபத்து நான்கு 'இல்லை' போட்டாள். நாற்பத்தோராவது வால்வு கசிந்துகொண்டிருந்தது. மூன்று பேரை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஞானமுத்து என்கிற ஃபிட்டர் திரும்பி வரவில்லை. அவளுக்குப் பதினாலு மாதச் சிறை.

வெளியே வந்தபின் அவள் வேறொருத்தியாகிப்போனாள். அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தடவை பார்ப்பாள். மாத்திரை அட்டையின் பொடி எழுத்தைக் கடைசி வரை படிப்பாள். பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தையும் விடமாட்டாள். இதையெல்லாம் பார்த்துச் சிரித்தவன்தான் இருதயராஜ். எல்லாம் தெரிந்துதான் அவளைக் கட்டிக்கொண்டான். மூன்று வருடங்களுக்கு முன்பு செவ்வாயின் கூரை நகரத்துக்குக் காற்றுக்குழாய் பார்க்கும் வேலைக்குப் போனான். கணவனோடு போய்ச் சேர்வதற்கான இணைவு அனுமதி கிடைத்தால் வரும் ஆவணிக் கப்பலில் அவளும் ஏறலாம். விட்டால் அடுத்த கப்பலுக்கு இருபத்தாறு மாதம்.

"ஒண்ணும் இல்லைன்னு சொல்லிரு ஜெனோ" என்று நேற்று மாலையும் சொன்னான். "அது சட்டப்படி மூடின பதிவு. ஏழு வருசம் ஆச்சுன்னா மூடிருவாவ. எவனாலும் தெறக்க முடியாது."

வினவியால் திறக்க முடியும் என்று பாதிப் பேர் சொன்னார்கள். முடியாது என்று மீதிப் பேர். பொய் சொன்னது தெரிந்தால் ஆயுளுக்கும் தடை. உண்மையைச் சொல்லித் தள்ளுபடியானவர்களும் உண்டு. ஜெனோவா இரண்டு பக்கத்தையும் ஒரு நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விடை வந்தது.

பத்து இருபதுக்குக் கைப்பேசியை வாயருகே கொண்டுபோனாள்.

"ஏங்க, என்னால முடியாதுங்க. இன்னொரு வாட்டி கண்ண மூடிக்கிட்டு இல்லைன்னு சொல்ல நாக்கு வரல. உண்டுன்னே சொல்லிருதேன். நீங்க என்ன நெனைக்கியன்னு சொல்லுங்க."

சொல் கிளம்பிவிட்டது. பதில் வர எப்படியும் பதினொன்றைத் தாண்டிவிடும், தன் எண் அதற்குப் பிறகு வந்தால் நல்லது என்று கணக்குப் போட்டாள். ஆனால் நாற்பதும் நாற்பத்தொன்றும் ஆளே வராமல் ஓடிப்போயின. நாற்பத்து மூன்று இரண்டே நிமிடத்தில் அழுதுகொண்டு வெளியே வந்தார். பத்து நாற்பத்தைந்துக்கு அவள் எண் எரிந்தது.

கதவருகே டோக்கன் பார்க்கும் வேலம்மாள் ஒரு தட்டை நீட்டினாள். "போனப் போடு தாயி."

"அக்கா, ஒரு இருபது நிமிசம் கழிச்சுப் போகலாமா? எங்க வீட்டுக்காரர் கிட்டருந்து ஒரு பதில் வரணும்."

"செவ்வாயா? நல்லாக் கேட்ட போ. இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ. நீ போகலன்னா நாப்பத்தெட்டு போயிரும், உனக்கு ஆறு மாசம் கழிச்சு டோக்கன். எப்படி வசதி?"

ஜெனோவா கைப்பேசியைத் தட்டில் வைத்தாள்.

வினவிக்கு முகம் கிடையாது. ஒரு மேசை, ஒரு திரை, நிதானமான ஒரு குரல். அது கண்ணையோ நாடியையோ அளப்பதில்லை. சொன்ன பதிலையும் கையிலிருக்கும் பதிவையும் ஒப்பிடும், அவ்வளவுதான். கையில் என்ன இருக்கிறது என்பதைத்தான் அது சொல்லாது.

பெயர், பிறப்பு, நோய், தொழில். பதினோராவது கேள்வி.

"உங்கள் மீது குற்றத் தீர்ப்பு உண்டா, இல்லையா?"

தொண்டையில் குளோரின் வாடை அடித்தது. 'இல்லை' எவ்வளவு சின்னச் சொல் என்று நினைத்தாள். உதட்டைத் திறந்தால் போதும், அதுவே விழுந்துவிடும்.

"உண்டு" என்றாள். "பாக்காமலே பாத்ததா எழுதினேன். ஒருத்தர் செத்துப்போனார். அவர் பேரு ஞானமுத்து."

திரை வெறுமையாக இருந்தது. அவள் தன் மூச்சை எண்ணினாள். பதினேழாவது மூச்சில் திரையில் ஒரு பழைய தாள் வந்தது. அவளுடைய தீர்ப்பு, மூடிய முத்திரையோடு.

"பதிலும் பதிவும் பொருந்துகின்றன" என்றது வினவி. "தண்டனை முடிந்துவிட்டது. நீங்கள் மறைக்கவில்லை. இணைவு அனுமதிக்கு இதனால் தடை இல்லை."

ஜெனோவா மேசையைப் பிடித்துக்கொண்டாள். மீதி ஐந்து கேள்விகளுக்கு என்ன பதில் சொன்னாள் என்று பின்னால் அவளுக்கு நினைவு வரவில்லை. ஒன்பது வருடமாக நெஞ்சுக்குள் சுருட்டி வைத்திருந்த ஒன்று அவிழ்ந்து, கண் வழியாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

கடைசியாகத் திரையில் 'நிறைவு உறுதிமொழிகள்' என்று ஒரு படிவம் எழுந்தது. இருபத்தொன்பது பக்கம். முதல் பக்கத்தைப் படித்தாள்: விதை, மண், உயிருள்ள பூச்சி கொண்டுவரக் கூடாது. இரண்டாம் பக்கம்: மூட்டை எடை. மூன்றாம் பக்கத்தில் எழுத்துகள் நீரில் மிதந்தன. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், மறுபடி மிதந்தன.

வேலம்மாள் எட்டிப் பார்த்தாள். "அனுமதி கெடச்சிட்டுல்லா? பெறவு என்ன முழிச்சிக்கிட்டு இருக்க?"

"இத வாசிச்சிக்கிட்டு இருக்கேன்க்கா."

"அதையா? பதினோரு வருசமா இங்க இருக்கேன், அத முழுசா வாசிச்ச ஒரு ஆளக் காட்டு, என் சம்பளத்தத் தாரேன். பெட்டி, எடை, பூச்சி, அம்புட்டுதான். கீழ தள்ளி அமுக்கிட்டு வா தாயி, நாப்பத்தெட்டு சத்தம் போடுதாரு."

ஜெனோவா விரலால் தள்ளினாள். பக்கங்கள் மழைபோல ஓடின. அடியில் ஒரே கேள்வி: மேற்கண்ட எதற்கேனும் ஆட்சேபம் உண்டா, இல்லையா?

'இல்லை'யை அழுத்தினாள்.

வெளியே வந்து கைப்பேசியைக் கையில் வாங்கும்போது மணி பதினொன்று ஏழு. இருதயராஜின் குரல் காத்திருந்தது. மூச்சிரைக்கப் பேசியிருந்தான்.

"ஜெனோ, சொல்லிராத. உன்னய இங்க அழைக்க நான் நிரப்பின அழைப்பாளர் படிவத்துல மனைவி மேல தீர்ப்பு உண்டான்னு கேட்டிருந்தான். நான் இல்லைன்னு போட்டுட்டேன். உன்னய எவனும் ஒரு மாதிரிப் பாத்திரக் கூடாதுன்னுதான். ஒங்கிட்ட சொன்னா வருத்தப்படுவன்னு சொல்லல." பிறகு குரல் நிதானப்பட்டது. "சரி, இதுக்குள்ள சொல்லிருப்ப, எனக்கு உன்னயத் தெரியும். அதுவும் நல்லதுதான். பயப்படாத. கடைசில ஒரு நீளப் படிவம் வரும். இருபத்தேழாம் பக்கத்துல, பொய் சொன்ன அழைப்பாளரத் திருப்பி அனுப்பப்போறோம்னு இருக்கும். நீ ஆட்சேபம் உண்டுன்னு போட்டா ஆறு மாசம் தண்டனை வேலையோட விட்டுருவாவ. இங்க எங்கூட வேல பாக்குத டெரன்ஸோட பொண்டாட்டி அப்படித்தான் போட்டா. வேற யாராவதா இருந்தா எனக்குக் கையும் காலும் ஓடாது. பஸ் டிக்கெட்டயே திருப்பிப் போட்டு வாசிக்கிறவல்லா நீ. நான் நிம்மதியா இருக்கேன்."

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். நாற்பத்தெட்டாம் எண்காரர் நாற்காலியில் இருந்தபடி திகைத்துப் பார்த்தார்.

"நான் வாசிக்கல" என்றாள் திரையைப் பார்த்து. "அந்தக் கடைசிப் பதில மாத்தணும். வாசிக்காமப் போட்டுட்டேன்!"

"உங்கள் பதில் ஐந்து நிமிடங்களுக்கு முன் செவ்வாய்க்கு அனுப்பப்பட்டது" என்றது வினவி, அதே நிதானத்தில். "அங்கே சேர்ந்ததும் செயலுக்கு வரும். அனுப்பியதை முந்திச் செல்லும் வழி ஏதும் இல்லை. அழைப்பாளர் அங்கிருந்து கிளம்பும் கப்பலில் பூமிக்குத் திரும்புவார். உங்கள் அனுமதி செல்லும்."

அந்த ஒற்றைச் சொல் இருட்டில் ஒளியின் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. இன்னும் பதினாறு நிமிடத்துக்கு இருதயராஜ் நிம்மதியாக இருப்பான்.

வேலம்மாள் அவள் தோளைப் பிடித்து வெளிவாசல் வரை கொண்டுவந்து விட்டாள். வாசல் கதவு மூடியிருந்தது. அதன் நடுவில் சின்னதாக ஒரு திரை: எங்கள் சேவையில் குறை ஏதும் உண்டா, இல்லையா? பதில் தந்தால்தான் கதவு திறக்கும்.

ஜெனோவா படித்தாள். கேள்விக்குக் கீழே பொடி எழுத்தில் நான்கு வரிகள் இருந்தன. குனிந்து அவற்றையும் படிக்கத் தொடங்கினாள். முதல் வரி முடியவில்லை. பின்னால் நான்கைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள்.

"என்னம்மா இது, எழுத்துக் கூட்டியா வாசிக்கிய? நாங்க பஸ்ஸப் பிடிக்கணும்."

"ஒரு நிமிசம்ணே. வாசிச்சிருதேன்."

"இதுல வாசிக்க என்ன இருக்கு?"

அவள் தோளுக்கு மேலாக யாருடைய கையோ நீண்டு வந்தது. 'இல்லை'யை அழுத்தியது. கதவு திறந்தது.