அறுந்து கிடந்த பென்சில் கோடு

தில்லி ஜனக்புரியில் பாலசுப்ரமணியத்தின் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் பெரும்பாலும் தொலைந்த நகைக்காகவோ, சொல்லாமல் ஓடிப்போன மாப்பிள்ளைக்காகவோதான் வருவார்கள். மத்திய அரசில் லஞ்ச ஊழலை விசாரிக்கும் விஜிலென்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பேச்சு குறைவு, காது கூர்மை. அவருக்கும் சேர்த்துப் பேச மனைவி அனந்தலக்ஷ்மி இருந்தாள். வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் குற்றவாளி யாரென்று அவள் முடிவு கட்டிவிடுவாள். பாதி நாள் அது தப்பாக இருக்கும், அதற்காக அவள் வெட்கப்பட்டதே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த கஸ்தூரிரங்கனைப் பார்த்ததும் அவளுக்கே யாரையும் குற்றவாளியாக்கத் தோன்றவில்லை. மோதி பாக் அரசுக் குடியிருப்பில் இருப்பவர். வெயில் ஏறிய பிறகும் ஸ்வெட்டரைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். கொடுத்த காப்பி ஆறி ஆடை படிந்தது.

"என் பையன் லட்சுமணன் யூனிவர்சிட்டியிலே கம்ப்யூட்டர் படிச்சிண்டிருந்தான்," என்றார். "கடைசி வருஷ ப்ராஜெக்டை மாசிலாமணின்னு ஒரு சிநேகிதன்கிட்டேருந்து காப்பி அடிச்சான்னு ஃபெயில் போட்டுட்டா. திருட்டுப் பயலுக்கு இங்கே இடமில்லேன்னு வாசல்லயே நிறுத்தி அனுப்பிச்சுட்டேன் சார். முனிர்காவிலே அதே மாசிலாமணி ரூமுக்குப் போயிருக்கான். அங்கே மஞ்சக்காமாலை வந்துடுத்து. எனக்குத் தகவல் வரச்சே ஆஸ்பத்திரியிலே எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"இப்போ நான் என்ன பண்ணணும்?" என்று மெல்லக் கேட்டார் பாலசுப்ரமணியம்.

"அவன் திருடினானா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கோ. திருடினான்னா, அப்பன் கண்டிச்சான், விதி முந்திண்டுதுன்னு மனசைத் தேத்திப்பேன். இல்லேன்னா..."

பழி சுமந்தவனை நிரபராதி என்று நிரூபிப்பதைப் போல அனந்தலக்ஷ்மிக்குப் பிடித்த காரியம் உலகத்தில் கிடையாது. வாழ்க்கையில் முதல் முறையாக அன்று, செத்துப்போன ஒரு பிள்ளை திருடனாகவே இருந்துவிடட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

அவர் போனதும் கணவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "யாருடைய பொருளைத் திருடினானோ, அவன் ரூம்லயே போய்ப் படுத்துப்பானா? அவனும் வான்னு கதவைத் திறப்பானா?"

மறுநாள் இருவரும் பல்கலைக்கழகத்தில், லட்சுமணனுக்கு ஃபெயில் போட்ட பேராசிரியரைப் பார்த்தார்கள். தமிழர்தான். தன் கணக்கு என்றுமே பிசகாது என்ற நினைப்பு நடையிலேயே தெரிந்தது.

"நகரப் பேருந்துகளுக்கு நேரம் வகுக்கிற புரோகிராம்," என்றார் அவர். "பெரிய வேலையைச் சின்னச் சின்னத் துண்டா பிரிச்சு, ஒவ்வொண்ணா எழுதி, கடைசியிலே சேர்க்கணும். ஆறேழு மாச உழைப்பு. ரெண்டு பேரோட புரோகிராமும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணு. மாசிலாமணி முதல்ல கொடுத்தான், லட்சுமணன் மறுநாள். விசாரிச்சா லட்சுமணன் வாயே திறக்கலை. வேற என்ன சாட்சி வேணும்?"

"அவா செஞ்ச வேலையைப் பார்க்கலாமா?"

பேராசிரியர் பீரோவைத் திறந்து இரண்டு நீளப் பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றிலும் துளையிட்ட அட்டைகள் நெருக்கி அடுக்கியிருந்தன. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராமை அட்டையில் துளைபோட்டுத்தான் கொடுப்பார்கள்; ஓர் அட்டை என்பது அதில் ஒரு வரி. மொத்தத்தையும் இயந்திரத்துக்குள் விட்டால் மறுநாள் விடை தாளில் அச்சாகி வரும்.

"அட்டைக்கு மேலே இதென்ன கோடு?" என்றாள் அனந்தலக்ஷ்மி.

"அதுவா? அட்டைகள் கீழே கொட்டிட்டா வரிசை குலைஞ்சுடும். அதனால அடுக்கின அன்னிக்கே மேல்விளிம்புல சாய்வா ஒரு பென்சில் கோடு இழுக்கச் சொல்லுவேன். கொட்டினாலும் கோடு சேர்ற மாதிரி அடுக்கினா வரிசை வந்துடும். எங்க பசங்க எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு."

மாசிலாமணியின் பெட்டியில் அந்தக் கோடு ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை நூல் பிடித்தாற்போல ஓடியது. லட்சுமணனுடையதில் அங்கங்கே அறுந்து, விட்டுவிட்டுத் தெரிந்தது.

"பாருங்க, கோடு இழுக்கிறதுலகூட ஒழுங்கு கிடையாது," என்று உதட்டைப் பிதுக்கினார் பேராசிரியர்.

பாலசுப்ரமணியம் அட்டைகளின் ஓரங்களை விரலால் தடவினார். லட்சுமணனுடையவை பழைய ரூபாய் நோட்டுப் போல நைந்திருந்தன. இடையிடையே சில மட்டும் விறைப்பாக இருந்தன. மாசிலாமணியின் அட்டைகள் அத்தனையும் புத்தம் புதிதாக மொடமொடத்தன. "நாளைக்கு அந்த மாசிலாமணியையும் வரச் சொல்லுங்கோ," என்று எழுந்துகொண்டார்.

வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது அனந்தலக்ஷ்மி அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷம் பார்த்த முகம், படிக்கத் தெரியாதா என்ன?

"ஏன்னா, கண்டுபிடிக்க முடியலைன்னு சொல்லிடுங்கோளேன். பையனைப் பெத்த மனுஷர் தாங்க மாட்டார்."

"எனக்கும் அப்படித்தான் தோணறது, லக்ஷ்மி. ஆனா அந்தப் பிள்ளைக்காகப் பேச வேற யார் இருக்கா?"

பஸ் வந்ததும் அவள்தான் முதலில் ஏறினாள்.

மறுநாள் பேராசிரியரின் அறையில் எல்லோரும் கூடினார்கள். கஸ்தூரிரங்கன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மாசிலாமணி சுவரோரம் நின்றான். அரக்கோணத்துப் பையன். கண்கள் உள்ளே போயிருந்தன.

"புரோகிராம் எழுதறவா தப்பே பண்ணாம எழுதறது உண்டா?" என்று ஆரம்பித்தார் பாலசுப்ரமணியம்.

"நடக்காத காரியம்," என்றார் பேராசிரியர். "தப்பான அட்டையைத் தூக்கிப் போட்டுட்டு, புதுசா ஒண்ணைத் துளைபோட்டு அங்கே சொருகணும். படிப்பே அதுதான்."

"அப்போ சொருகின புது அட்டையிலே பென்சில் கோடு இருக்குமா?"

பேராசிரியர் லட்சுமணனின் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"லட்சுமணனோட கோடு எங்கெல்லாம் அறுந்திருக்கோ, அங்கெல்லாம் அவன் தப்புப் பண்ணித் திருத்தியிருக்கான். மத்த அட்டை எல்லாம் மெஷினுக்குள்ளே போய்ப் போய் நைஞ்சிருக்கு. மாசிலாமணியோட பெட்டியிலே கோடும் அறுபடலை, ஒரு அட்டையும் நையலை. மாசக்கணக்கா உழைச்ச அட்டை இப்படி இருக்காது. முழுசா முடிஞ்ச ஒண்ணைப் பிரதி எடுத்து, ஒரே தடவை கோடு இழுத்தாத்தான் இப்படி இருக்கும். அச்சான தாள்லே இது எதுவும் தெரியாது. நீங்க தாளை மட்டுமே பார்த்தேள்."

மாசிலாமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பாத்துக் கத்துக்கோன்னு அவன்தான் சார் பெட்டியக் குடுத்தான்," என்று அழுதான். "எனக்கு எழுத வரல சார். அட்டைக்கு அட்டை மெஷின்ல பிரதி எடுத்து என் பேரப் போட்டுக் குடுத்துட்டேன். அவன் மாட்டினதும் நானே போய் உண்மையச் சொல்லிடறேன்னேன். அவன்தான் விடல."

"ஏன்?" என்றார் கஸ்தூரிரங்கன்.

"'உன் ஸ்காலர்ஷிப் போயிடும்டா, ஊருக்குப் போய் என்ன பண்ணுவே? எனக்கு இங்கயே அப்பா இருக்கார். யார் என்ன சொன்னாலும் அவர் என்னை நம்புவார், எனக்கு அது போதும். அடுத்த வருஷம் வேற எழுதிக்கறேன்'னான் சார்."

வராந்தாவில் யாரோ பியூனை "ஜல்தி, பையா!" என்று இந்தியில் அவசரப்படுத்தி விரட்டிக்கொண்டு போனார்கள்.

"அப்புறம், என் வீட்டிலேருந்து உன் ரூமுக்கு வந்தானே," என்றார் கஸ்தூரிரங்கன். "அப்போ என்ன சொன்னான்?"

"ஒண்ணுமே சொல்லல சார். செவுத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துட்டான். காய்ச்சல் வந்தப்போ மோதி பாகுக்குச் சொல்லி அனுப்பட்டுமான்னு கேட்டேன். வேணாம், அவராவே வருவார்னான்."

மோதி பாகிலிருந்து முனிர்கா என்ன அப்படித் தூரம்! பஸ்ஸில் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் வந்துவிடும். அனந்தலக்ஷ்மி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பேராசிரியர் எழுந்து கை கூப்பினார். "பெரிய தப்பு நடந்துபோச்சு. நாங்க எழுத்து மூலமாத் திருத்திடறோம். அவன் பேருக்குப் பட்டமும் வாங்கித் தரேன்."

கஸ்தூரிரங்கன் அவரைக் கோபமில்லாமல் பார்த்தார். "நீங்க ரெண்டு பெட்டியைப் பார்த்து ஏமாந்தேள். நான் அவனைப் பிறந்ததிலேருந்து பார்த்திண்டிருக்கேன்," என்றார்.

பிறகு குனிந்து, தரையில் உட்கார்ந்திருந்த மாசிலாமணியின் தோளைத் தொட்டார். "எழுந்திரு. கடைசி வரைக்கும் அவன் பக்கத்திலே இருந்தது நீதான்," என்று சொல்லிவிட்டு, ஒருவரையும் பார்க்காமல் அறையை விட்டு வெளியே போனார்.