நாலு வயர்

"நாற்பத்தேழு. மஞ்சள்ல கறுப்புக் கோடு. பெட்ரோல் பம்ப்."

டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்த கணவர், டார்ச்சை வாயில் கவ்வியபடி "ஆஹ்ஹு" என்றார். ஆச்சு என்று அர்த்தம். அவள் அந்த வரிக்கு நேரே பென்சிலால் டிக் போட்டாள். பட்டியலில் அதுதான் கடைசி வரி. இருவரும் சேர்ந்து ஒழுங்காக முடித்த கடைசி வேலையும் அதுதான்.

அவள் முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவள். அதனால் வயரிங் பட்டியலை வாசிப்பது அவள், இணைப்பது அவர். "எடிட்டரம்மா, கமாவையும் சேத்துப் படிக்காத, எனக்கு ஷாக் அடிக்குது" என்று கிண்டல் செய்வார். போன வருடத்தில் பெரும்பகுதி அந்த மனிதர் கிண்டல் என்ன, வாயே திறந்ததில்லை. வேலையை விட்டு அனுப்பிய அன்று சுவரைப் பார்த்துப் படுத்தவர், எட்டு மாதம் அப்படியே கிடந்தார். கொட்டகையில் இன்ஜின் கெட்டு நின்ற பழைய பிக்கப்பும் உள்ளே அவரும் ஒன்றுபோலத் துருப்பிடிப்பதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் காலை எழுந்து, சவரம் செய்துகொண்டு, "அதுக்கு வேற இன்ஜின் வச்சுப் பாக்கலாமா?" என்று கேட்டார். கண்ணீரைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க, துடைத்த அடுப்பையே அவள் மறுபடி துடைத்தாள்.

இன்ஜின் காயலான் கடையில் கிடைத்தது. ஐந்து பேர் போகிற குடும்பக் கார் ஒன்றின் இன்ஜின். அதன் கம்ப்யூட்டர் பெட்டியும் மொத்த வயரிங்கும் கூடவே வந்தன. எல்லா வயர்களும் நுனிக் கப்ளரோடு பதமாகக் கழற்றப்பட்டிருந்தன, நான்கைத் தவிர. அந்த நான்கும் கத்தியால் அறுபட்டிருந்தன. அறுபட்ட இடத்தில் பழுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. துடைத்தால் போகவில்லை.

சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. அவர் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. ஆனால் கூடவே டிங், டிங், டிங் என்று ஒரு மணி அடிக்கத் தொடங்கியது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தும் இன்ஜின் முனகியதே தவிர வேகம் எடுக்கவில்லை.

"என்னங்க அது?"

"தேடுது."

"எதை?"

"ஆளுங்களை. பழைய வண்டியில அஞ்சு சீட்டு. டிரைவர் பெல்ட் வயரை நம்ம பெல்ட்டோட சேத்துட்டேன். மிச்சம் நாலு பேரைக் காணோம்னு அடம் பிடிக்குது."

கடைக்காரரைக் கூப்பிட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"அந்த நாலையும் வெட்டினது நாங்க இல்லண்ணே. ஆக்சிடென்ட்ல ஆளுங்களை வெளிய எடுக்கறப்போ பெல்ட்டோட சேத்து அறுத்துட்டாங்க. நாலு பேரு. ஓட்டினவரு மட்டும் அதுக்கு முன்னாடியே இறங்கிப் போயிட்டாராம், இன்னிவரைக்கும் ஆள் கிடைக்கல. அதையெல்லாம் மனசுல போட்டுக்காதீங்க. இன்ஜின் தங்கம்."

அவர் போனை வைத்ததும் அவள் பட்டியலை மடித்தாள். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"இது வேணாங்க. வேற பாக்கலாம்."

"இரும்புக்கு என்னடி தெரியும்? கம்ப்யூட்டருக்கு ஒரு பொய் சொன்னா முடிஞ்சுது." அரிசி மணி அளவில் நான்கு ரெசிஸ்டர்களை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "வயருக்கு ஒண்ணு. நாலு பேரும் ஏறி உக்காந்து பெல்ட் போட்டாச்சுன்னு அது நம்பிடும்."

மீண்டும் டேஷ்போர்டுக்கு அடியில் புகுந்துகொண்டார். அவள் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தாள். மதியம் மூன்று மணி வெயில் தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியாக ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டிருந்தது. சூடான ரப்பரும் பழைய பெட்ரோலும் ஈயம் உருகும் புகையும் கலந்த அந்த வாசனை அவளுக்கு இத்தனை நாளில் பிடித்துப் போயிருந்தது. அதன் நடுவே வேறொரு வாசனை மெல்ல எழுந்தது. மழையில் நனைந்து வந்தவர்களின் தலைமுடி வாசனை.

முதல் வயரில் ரெசிஸ்டரைப் பற்றவைத்தார். மணி ஒரு சுருதி இறங்கியது. கூடவே வண்டியும் இறங்கியது. கனத்த ஆள் ஒருவர் ஏறி, பெருமூச்சு விட்டு, சாய்ந்து உட்காருவதுபோலப் பட்டை ஸ்பிரிங் நெடுக முனகி அடங்கியது.

"நீங்க அசைஞ்சீங்களா?"

"அசைய இங்க இடம் எங்க இருக்கு, எடிட்டரம்மா?"

இரண்டாவது வயர். பின்பக்கம் இறங்கியது. இது கொஞ்சம் லேசான ஆள். ஏறியபின் ஒருமுறை நகர்ந்து வசதி செய்துகொண்டதுகூடத் தெரிந்தது. மூன்றாவது. பின்பக்கத்தின் மறு மூலை. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே காலையில் ஒரு சாண் இடைவெளி இருந்ததை அவள் பார்த்திருந்தாள். இப்போது கையை நுழைத்தால் நான்கு விரல்தான் போயிற்று.

நான்காவது வயருக்கு வண்டி இறங்கவே இல்லை. அப்பாடா என்று அவள் மூச்சு விட்டாள்.

பிறகு ஸ்பிரிங் ஆடத் தொடங்கியது. மேலே, கீழே. மேலே, கீழே. சின்னப் பிள்ளைகள் புது சீட்டில் குதிப்பார்களே, அப்படி. யாரோ அதட்டியதுபோல் சட்டென்று நின்றது.

மணி ஓய்ந்தது.

அவர் வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ். ஆக்சிலரேட்டரைக் கையால் அமுக்க, இன்ஜின் முழு வீச்சில் உறுமி இறங்கியது. அவர் சிரித்தார். மூக்கைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிற அந்தப் பழைய சிரிப்பை அவள் ஒன்றரை வருடம் கழித்து அன்றுதான் பார்த்தாள். சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்துவிட்டது. சொன்னால் நம்பமாட்டார். நம்பிவிட்டாலோ, மறுபடியும் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். எது பெரிய பயம் என்று எடைபோட்டுப் பார்த்து அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்தத் தராசை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை.

"வாம்மா, தெருவை ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்."

"அடுப்புல பால் இருக்கு. நீங்க போயிட்டு வாங்க."

அடுப்பில் எதுவும் இல்லை.

அவர் ஏறினார். ஓட்டுநர் பக்கம் ஒரு விரல் அளவு இறங்கியது. பெல்ட்டை இழுத்து மாட்டினார். க்ளிக்.

அவள் வாசல் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு திருப்பம் உள்ள சின்னச் சுற்று, மூன்று நிமிடம். முதல் சுற்றில் அவர் ஹாரன் அடித்து, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டிக்கொண்டு போனார். அவளும் கையசைத்தாள். காலியான பின்தொட்டி, கல் ஏற்றியதுபோல் தாழ்ந்து, தெருவின் ஒவ்வொரு மேட்டிலும் அடி இடித்துப் போயிற்று.

இரண்டாவது சுற்றில் கை வெளியே இல்லை. இரண்டு கையும் ஸ்டீரிங்கில். கழுத்து விறைத்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார், திரும்பக்கூடாது என்று யாரோ சொல்லிவைத்ததுபோல. சட்டைக் காலர் பின்னால் இழுபட்டுத் தூக்கிக்கொண்டு நின்றது. சின்னக் கை ஒன்று பற்றியிருக்கிற அளவுக்கு.

அவள் கூப்பிட்டாள். வண்டி வேகம் குறையவில்லை.

மூன்றாவது சுற்றுக்கு முன் நடுத்தெருவுக்கு ஓடி நின்றாள். வண்டி நின்றது. ஜன்னல் மூடியிருந்தது. அந்தக் கண்ணாடியை ஏற்றி இறக்கக் கைப்பிடியே கிடையாது. அது ஏறி அவள் பார்த்ததில்லை. உள்ளே கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. பல பேர் மூச்சு விட்ட ஆவி.

கதவை இழுத்தாள். வரவில்லை. குத்தினாள்.

அவர் ஆவியைக் கையால் துடைத்தார். அவளைப் பார்த்தார். பக்கத்து சீட்டைக் கண்ணால் காட்டினார். பிறகு தலையை ஆட்டினார். மெதுவாக. வேண்டாம் என்று.

"இறங்குங்க! ஏங்க, இறங்குங்க!"

உதடு அசைந்தது. "பால் பொங்கிடும், போ."

தெரிந்தே சொன்னார். அவள் சொன்ன பொய் என்று தெரிந்தே.

வண்டி நகர்ந்தது. ஓடினாள். திருப்பத்தில் செருப்பு அறுந்தது. வண்டியைக் காணோம். இன்ஜின் சத்தம் மட்டும் அடுத்த தெருவில். அடுத்ததில். நின்றது.

மூன்று நிமிடம்.

ஐந்து.

பிறகு அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. நடக்கும் வேகத்தில். அவளைக் கடந்து, வாசலில் திரும்பி, கொட்டகைக்குள் போய், காலையில் நின்ற அதே இடத்தில் நின்றது.

கதவு தானே திறந்துகொண்டது.

ஓட்டுநர் சீட்டில் யாரும் இல்லை. பெல்ட் மாட்டியபடி இருந்தது. தொய்ந்து கிடக்கவில்லை. ஒரு மார்பைச் சுற்றி, ஒரு வயிற்றைச் சுற்றி, வெறுங்காற்றில் இறுகி நின்றது. அது மெல்ல மேலெழுந்து தாழ்ந்தது. மூச்சுப்போல.

சாவியை அவள்தான் திருப்பி அணைத்தாள்.

காவல்துறையினர் வந்தார்கள். தெருவெல்லாம் தேடினார்கள். கிணறுகளில் ஆளை இறக்கினார்கள். மனம் சரியில்லாதவர், எங்காவது இறங்கிப் போயிருப்பார் என்று எழுதிக்கொண்டார்கள். மகள் வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போனாள். பேட்டரியைக் கழற்றி விற்றாகிவிட்டது. நான்கு வயர்களையும் அவளே டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, கத்தியால் வெட்டினாள். முதல் வயருக்குப் பின்பக்கம் ஏறியது. இரண்டாவதற்கு மறு மூலை. மூன்றாவதற்கு முன்பக்கம். ஒவ்வொருவராக இறங்கினார்கள். நான்காவதற்கு வண்டி லேசாக ஒருமுறை குதித்து அமைதியாயிற்று.

ஓட்டுநர் பக்கம் மட்டும், அவர் ஏறி உட்கார்ந்தபோது இறங்கிய ஒரு விரல், இன்றும் ஏறவில்லை.